முறையீடும் ஆய்வுரையும்

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், பீடோருக்கும் சிலிம் ரிவருக்கும் இடையே, பழைய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர் சுங்காய். அதனைச் சூழ்ந்த நிலத்தில் ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நிரை நிரையாக நின்றன. இன்று பெரும்பாலும் செம்பனையே நிற்கின்றது. மரம் மாறியதோடு உழைக்கும் கைகளும் மாறின. தமிழ்க் குடும்பங்கள் பல லயங்களை விட்டுப் பட்டணங்களுக்கும் தாமான்களுக்கும் குடிபெயர்ந்தன. எனினும், விடியுமுன் பெரட்டுக்கு நின்றதையும், பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பால் வெட்டச் சென்றதையும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் உளர். தமிழாசிரியர் பலர்க்கு அவர்கள் அயலார் அல்லர். பெற்றோரும் உற்றாருமே ஆவர்.

இம்முதியோர் சொல்வனவற்றைக் கேட்டு எழுதுவோர்க்கு மலேசியத் தமிழில் குறைவில்லை. ஆண்டு மலர்கள், பள்ளி வெளியீடுகள், சிறப்பிதழ்கள் ஆகியவற்றில் தோட்ட வாழ்வைப் பற்றிய கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றன. ஆனால் மனித உரிமைச் சட்டத்தை ஆராயும் ஏடுகளில் தமிழாசிரியர் எழுத்தைக் காண்பது அரிது. ஆங்கிலத் தடை இதற்கு ஒரு காரணமே. அதனினும் பெரிய காரணம் எழுத்தின் அமைப்பிலேயே உள்ளது. தமிழில் எழுதப்படுவது முறையீடு. சட்ட ஏடு கேட்பது ஆய்வுரை. இரண்டிற்கும் பொருள் ஒன்றாயினும் நெறி வேறு.

முறையீட்டின் இயல்பு

முறையீடு கேட்பவன் மனச்சான்றை நோக்கிப் பேசுவது. காட்டைத் திருத்தியவன் வியர்வையும், பாம்பு கடித்து மாண்டவன் கதையும், துரையின் கடுமையும் அதில் நிறைந்திருக்கும். அவற்றுள் பொய் இல்லை. ஆயினும், ‘உழைத்துத் தேய்ந்த மக்கள் வீடற்று நிற்கின்றனர்’ என்று ஒரு கட்டுரை கூறின், சட்டம் பயின்றவன் உடனே சில வினாக்களை எழுப்புவான். எத்தோட்டம்? எவ்வாண்டு? வீடு வேலையின் பகுதியாகத் தரப்பட்டதா, வாடகைக்கு விடப்பட்டதா? வெளியேறுமாறு எழுத்தில் அறிவிப்பு உண்டா? எத்தனை நாள் தவணை? தோட்டம் கைமாறியபொழுது தொழிலாளரைப் பற்றி எழுதப்பட்ட நிபந்தனை யாது? இவற்றிற்கு விடை இல்லையேல் கட்டுரை கண்ணீரோடு நின்றுவிடும். வழக்காகவோ வாதமாகவோ வளராது.

மற்றொரு குறையும் உண்டு. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் குறைந்த அளவுத் தரத்தை வரையறுத்து 1966ஆம் ஆண்டில் ஒரு சட்டமும், அதனை நீக்கி 1990ஆம் ஆண்டில் மற்றொரு சட்டமும் இயற்றப்பட்டன. முதலாளி தரும் வீடு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதே அவற்றின் பொருள். வேலை முடிந்த பின்னர் அவ்வீட்டின்மேல் முதியவர்க்கு உரிமை உண்டா என்பது வேறு வினா. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிறுவிவிட்டதாக எண்ணுதல் நன்னூலார் கூறும் பத்துக் குற்றங்களுள் ‘மயங்க வைத்தல்’ என்பதன்பாற்படும். இவ்விரு வினாக்களுக்கும் இடையே சட்டத்தில் உள்ள இடைவெளியைக் காட்டுவதே உண்மையில் நல்லதோர் ஆய்வுரைக்குத் தக்க பொருள். வீட்டுத் தரத்தைச் சட்டம் பேசுகின்றது. வாழ்நாள் முழுவதும் அவ்வீட்டில் கழித்தவனைப் பற்றி என்ன பேசுகின்றது? இவ்வாறு வினாவைக் கூர்மைப்படுத்திய அளவிலேயே முறையீடு ஆய்வாகத் தொடங்கிவிடுகின்றது.

கிள்ளான் கோரிக்கைகள்

இந்நெறி தோட்டத் தமிழர்க்குப் புதியதன்று. அதனைக் காட்ட இரண்டு எழுத்துகளை ஒப்பிடலாம்.

முதலாவது, வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1937ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை. ஆங்கிலச் சொல்வன்மையால் உலகப் புகழ் பெற்ற அவர், இந்திய அரசின் சார்பில் மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையைக் கண்டார். கூலி 1928ஆம் ஆண்டின் அளவுக்குத் திரும்புதல் வேண்டும் என்றார். ஆனால் உதவிபெற்று வரும் குடியேற்றத்தை நிறுத்த வேண்டுவதில்லை என்று முடித்தார். நடை பண்பட்டது, முடிபு மென்மையானது. மலாயாவிலிருந்த இந்தியத் தலைவர்கள் பலர் அதனை ஏற்கவில்லை. மறு ஆண்டே, 1938இல், இந்திய அரசு அக்குடியேற்றத்தைத் தடை செய்தது.

இரண்டாவது, 1941ஆம் ஆண்டில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது முன்வைத்த கோரிக்கைப் பட்டியல். சீனத் தொழிலாளரோடு ஒத்த ஊதியம், கொடுமை செய்யும் மேற்பார்வையாளரை நீக்குதல், பிள்ளைகட்குத் தக்க கல்வி, பெண்டிர்க்கு இழைக்கப்படும் தொல்லைக்கு முடிவு, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பேச்சுரிமையும் கூட்ட உரிமையும், உறவினர் தோட்டத்திற்குள் தடையின்றி வந்து போதல், நாள் முழுதும் நீளும் வேலை நேரத்தைக் குறைத்தல், சங்கம் அமைக்கும் உரிமை, கோரிக்கை வைத்தவரைப் பழிவாங்காமை, துரைமார் முன்னிலையிலும் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை. தலைவராக இருந்த ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

இப்பட்டியலில் அணியில்லை, உவமையில்லை, அழுகையும் இல்லை. ஒவ்வொரு குறையும் தனித்தனியே பெயர் பெற்று நிற்கின்றது. ஏழாண்டுகள் கழித்து, 1948 டிசம்பர் 10ஆம் நாள், ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 30 விதிகள் கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. அதன் 20ஆம் விதி கூடும் உரிமையையும், 23ஆம் விதி ஒத்த வேலைக்கு ஒத்த ஊதியத்தையும் சங்கம் அமைக்கும் உரிமையையும், 24ஆம் விதி வேலை நேர வரம்பையும், 25ஆம் விதி உறைவிடத்தையும் மருத்துவத்தையும், 26ஆம் விதி கல்வியையும் கூறுகின்றன. கிள்ளான் தொழிலாளர் கேட்டவற்றுள் பெரும்பாலானவை அதில் உள்ளன. மிதிவண்டிக் கோரிக்கைக்கு எவ்விதி? மாந்தர் அனைவரும் மதிப்பில் சமமானவர் என்னும் முதல் விதியே அதற்குரியது. மதிப்பு என்னும் பெரிய சொல்லைச் சொல்லாமல், மிதிவண்டியை விட்டு இறங்கமாட்டோம் என்று கூறிய அச்சிறு கோரிக்கை, சட்ட அறிஞர் பல பக்கங்களில் விளக்கும் கருத்தை ஒரு வரியில் தாங்கி நிற்கின்றது.

சாஸ்திரியாரின் அறிக்கையைவிட இப்பட்டியல் சட்ட ஏட்டிற்கு அணுக்கமானது என்பது வியப்பாகத் தோன்றலாம். காரணம் எளிது. அறிக்கை பொதுவாக மதிப்பிட்டது. பட்டியல் ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டியது. பிரித்துக் காட்டப்பட்ட குறையையே சட்டத்தோடு பொருத்திப் பார்த்தல் இயலும்.

பாயிரமும் ஏட்டின் விதிகளும்

சட்ட ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பும் முறை தமிழாசிரியர்க்கு அந்நியமானது என்று கருதப்படுகின்றது. நன்னூல் பயின்றவர் அவ்வாறு அஞ்ச வேண்டுவதில்லை. சிறப்புப் பாயிரத்திற்கு உரியனவாகக் கூறப்படும் எட்டனுள் வழி, எல்லை, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன, ஏடுகள் கேட்கும் ஆய்வுச் சுருக்கத்தின் உறுப்புகளே. இக்கட்டுரை எவர் ஆய்வைத் தொடர்கின்றது, எவ்வளவில் நிற்கின்றது, எதனை நிறுவுகின்றது, யார்க்குப் பயன்படும் என்பனவற்றை ஏறக்குறைய 200 சொற்களில் கூறிவிட வேண்டும். ஓர் உறுப்பு மட்டும் இங்கு மறைக்கப்படும். அது ஆக்கியோன் பெயர். மதிப்பிடுவோர் எழுதியவரை அறியாமலும், எழுதியவர் மதிப்பிடுவோரை அறியாமலும் இருத்தல் பல ஏடுகளின் முறை. பட்டமும் பதவியும் அங்கு துணை நில்லா. சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்க்கு இஃது ஓர் இழப்பன்று, நன்மையே.

ஏழுவகை மதங்களாக நன்னூலார் கூறும் உடன்படல், மறுத்தல், பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைதல் ஆகியனவும் அடிக்குறிப்பின் வேலையையே குறிக்கின்றன. முன்னோர் கருத்தை அறியாமல் எழுதுவது ஏடுகள் கட்டுரையைத் திருப்பி அனுப்பும் முதற் காரணம். ஏட்டின் பரப்பைப் பார்க்காமல் அனுப்புவது இரண்டாவது காரணம். மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறை 1974 முதல் நடத்திவரும் ஏடு மலேசியச் சட்டத்தையும் ஒப்பியல் சட்டத்தையும் பொருளாகக் கொண்டது. வழக்கறிஞர் மன்றத்தின் ‘இன்சாஃப்’ தொழில் நடத்துவோரை நோக்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிடும் மனித உரிமைக் காலாண்டிதழ் உலகெங்கும் உள்ள பல துறையினர்க்கு உரியது. சுங்காய் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றைப் பற்றிய கட்டுரை முதல் ஏட்டிற்குச் செல்லின் சட்டப் பிரிவு முன்னிற்றல் வேண்டும். மூன்றாவதற்குச் செல்லின் அத்தோட்டம் உலகிற்கு எதனைக் கற்பிக்கின்றது என்பது முன்னிற்றல் வேண்டும்.

ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் பல ஏடுகளுக்கு அனுப்புதல் பெரும்பாலான ஏடுகளில் குற்றம். மாணவர்களே ஆசிரியர் குழுவாக இருந்து நடத்தும் அமெரிக்கச் சட்ட ஏடுகளில் மட்டும் அது வழக்கம். முன்னரே அச்சேறிய கட்டுரையையும் பொதுவாக ஏற்கமாட்டார்கள். விடை வரப் பல திங்கள் ஆகலாம். ‘திருத்தி மீண்டும் அனுப்புக’ என்னும் விடை தோல்வியன்று. மதிப்பீட்டாளர் கூறிய ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியே மறுமொழி எழுதி அனுப்புதலே முறை. பணம் கட்டினால் சில நாளில் அச்சிடுவதாக அழைக்கும் ஏடுகளோ அறிஞர் மதிப்பைப் பெறாதவை. ஆசிரியர்கள் அவற்றிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

சட்டத்தை எதிர்கொள்ளுதல்

தோட்டத்தைப் பற்றிய கட்டுரைகள் உலகப் பிரகடனத்தை மேற்கோள் காட்டி, ‘ஆகவே இவ்வுரிமை மீறப்பட்டது’ என்று முடித்துவிடுவது உண்டு. மலேசியச் சட்ட ஏட்டில் இம்முடிபு நில்லாது. முகமது எசாம் வழக்கில் 2002ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம், அப்பிரகடனம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம் அன்று என்று கூறிற்று. எதிரான இத்தீர்ப்பை மறைத்து எழுதுபவர் வாதத்தை முதல் பக்கத்திலேயே இழந்துவிடுவார். அதனை எடுத்துக் கூறி, மனித உரிமை ஆணையத்தை அமைத்த 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, அரசமைப்புக்கு முரணாகாத அளவில் அப்பிரகடனத்தைக் கருதுமாறு பணிக்கின்றது என்பதையும் உடன் காட்டுபவரே நன்னூலார் கூறும் ‘இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு’ என்னும் நெறியில் நிற்பவர்.

உரிமைக்குத் துணை நிற்கும் தீர்ப்புகளும் இல்லாமல் இல்லை. அவற்றுள் சில ஆசிரியர்களைப் பற்றியவை. டான் தெக் செங் என்பவர் தொடக்கப்பள்ளி ஒன்றின் மூத்த துணை ஆசிரியர். பணிநீக்கத்தை எதிர்த்து அவர் தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசமைப்பின் 5ஆம் விதியில் உள்ள ‘உயிர்’ என்னும் சொல் வாழ்வாதாரத்தையும் வாழ்வின் தரத்தையும் உள்ளடக்கும் என்று பொருள் கொண்டது. கருவுற்றிருந்தமையால் தற்காலிக ஆசிரியர் பணி மறுக்கப்பட்ட நூர்ஃபாடில்லாவின் வழக்கில் ஷா ஆலம் உயர் நீதிமன்றம், மலேசியா 1995ஆம் ஆண்டில் ஏற்ற பெண்ணுரிமை உடன்படிக்கையைத் துணைக்கொண்டு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் கொள்வதில் வழக்கின் போக்கே மாறும் என்பதை உரையாசிரியர் மரபில் வந்த தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

பேராக் மாநிலத்திலேயே எழுந்த இந்திராகாந்தி வழக்கு இதற்குச் சிறந்த காட்டு. பெற்றோருள் ஒருவர் மட்டும் பிள்ளைகளை மதமாற்றம் செய்தல் செல்லுமா என்பது வழக்கு. ஈப்போ உயர் நீதிமன்றம் 2013ஆம் ஆண்டில் மதமாற்றச் சான்றிதழ்களைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015ஆம் ஆண்டில் அதனை மாற்றியது. கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29ஆம் நாள் தாய் பக்கம் தீர்ப்பளித்தது. அரசமைப்பின் 12ஆம் விதியில் உள்ள பெற்றோர் என்னும் ஒருமைச் சொல் ஒருவரைக் குறிக்குமா, உயிருடன் உள்ள இருவரையும் குறிக்குமா என்பது அவ்வழக்கின் மையங்களுள் ஒன்று. ஒரு தாயின் துயரம் நாட்டின் சட்டமாக வளர்ந்தது, ஒரு சொல்லின் பொருளை ஆராய்ந்த வழியிலேதான்.

சான்று கூறுவோரைக் காத்தல்

முதியோர் வாய்மொழி சட்டத்தின்முன் செல்லாது என்பார் உளர். 2002ஆம் ஆண்டில் சகோங் தாசி வழக்கில், நெடுஞ்சாலைக்காக நிலமிழந்த தெமுவான் பழங்குடியினரின் வாய்மொழி வரலாற்றையும், சாட்சியச் சட்டத்தின் வரம்புக்குள், நீதிமன்றம் கருத்தில் கொண்டது. ஆகவே முதியோர் சொல் மதிப்பற்றதன்று. அது பதிவு செய்யப்படும் முறையே மதிப்பைத் தருகின்றது. சொன்னவர் யார், எந்நாள், எம்மொழியில், எவ்வினாவிற்கு விடையாகச் சொன்னார் என்பன குறிக்கப்பட வேண்டும். சம்பளச் சீட்டு, பிறப்புச் சான்று, பள்ளிச் சேர்க்கைப் பதிவு ஆகியவற்றோடு அச்சொல் ஒத்துப் பார்க்கப்பட வேண்டும்.

சான்று கூறியவர்க்குத் தீங்கு வாராமல் காத்தல் அதனினும் முதன்மையானது. 1960களின் தொடக்கத்தில் மலாயாவின் தோட்டம் ஒன்றை ஆராய்ந்த ரவீந்திர ஜெயின், 1970இல் வெளியிட்ட நூலில் அதற்குப் ‘பால் மெலாயு’ என்று புனைபெயர் இட்டார். இடம் மறைந்தது, ஆய்வின் உண்மை குன்றவில்லை. மேலும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பெரும்பாலோர் அரசு ஊழியர். 1993ஆம் ஆண்டின் பொது அதிகாரிகள் நடத்தை விதிகள் எழுத்துவழிப் பொதுக்கூற்றுகளுக்கும் வரம்பு விதிக்கின்றன. பள்ளிகளில் ஆய்வு நடத்தக் கல்வி அமைச்சின் இசைவும் வேண்டும். இவற்றை முன்னரே அறிந்து செயற்படுதல் அச்சமன்று. எழுத்தை இறுதிவரை கொண்டு செலுத்தும் முன்னறிவு.

இழப்பும் ஈடும்

ஆங்கில ஏட்டின் கட்டுக்குள் அடங்கினால் தோட்டத்தின் குரலே மறைந்துவிடாதா என்று கேட்பார் கூற்றில் நியாயம் உண்டு. தமிழில் ‘கூலி’ என்பது ஊதியத்தின் பெயர். காலனியக் காலத்து ஆங்கிலப் பதிவேடுகளிலோ அது ஆளின் பெயராக வழங்கிற்று. பெற்ற ஊதியமே பெற்றவனுக்குப் பெயராகிவிட்டது. மொழி மாறும்பொழுது நேரும் இத்தகைய இழப்பை அறிந்து காட்டக்கூடியவர் தமிழறிந்தவரே. லயம், பெரட்டு, கங்காணி, கிராணி என்னும் சொற்களைப் பொதுவான ஆங்கிலச் சொற்களில் கரைத்துவிடாமல், அப்படியே நிறுத்தி ஒருமுறை விளக்கிச் செல்லுதல் வேண்டும். சொல்லோடு அச்சொல்லுக்குரிய அதிகார அடுக்கும் சட்ட ஏட்டிற்குள் நுழையும்.

தனிநாயக அடிகள் 1952ஆம் ஆண்டில் ‘தமிழ்க் கலாசாரம்’ என்னும் பொருள்படும் பெயருடன் ஆங்கில ஏடு தொடங்கியதும், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபொழுது 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியதும், தமிழைக் கைவிட்டதனால் அல்ல. உலக அறிஞர் அவையில் தமிழ் பேசப்பட வேண்டுமாயின், அவ்வவையின் ஆய்வு நெறியில் பேசப்பட வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இலக்கியத்திற்கு அவர் செய்த அப்பணி, தோட்டத் தமிழரின் உரிமை வரலாற்றிற்கு இன்னும் போதிய அளவில் செய்யப்படவில்லை.

உங்கு அஜீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த தோட்டத் துண்டாடலை எண்ணிக்கையோடு ஆராய்ந்தார். அக்காலத்திலேயே, 1960இல், சம்பந்தன் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்கத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆய்வும் செயலும் அருகருகே நின்ற காலம் அது. இன்று செயலாற்றும் அமைப்புகள் பல உள்ளன. அவற்றின் கையில் கொடுக்கத்தக்க ஆய்வே குறைவு.

பால் வெட்டிய தலைமுறை மெல்ல மறைந்து வருகின்றது. லயங்கள் இடிக்கப்பட்ட இடத்தில் செம்பனை நடப்படும்பொழுது, அங்கு யார் எத்தனை ஆண்டு வாழ்ந்தனர் என்பதைச் சொல்ல ஆவணம் இராது. சுங்காய் போன்ற ஊர்களில் உள்ள ஆசிரியர் ஒருவர் எல்லாத் தோட்டங்களையும் பற்றி எழுத வேண்டுவதில்லை. ஒரு தோட்டம், ஒரு சட்டப் பிரிவு, ஒரு வினா போதும். அவ்வினாவிற்கு விடை தரக்கூடிய முதியவர் உயிருடன் இருக்கும்பொழுதே அவர் இசைவைப் பெற்று, நாளைக் குறித்து, சொல்லை மாற்றாமல் எழுதிவைத்தல் முதல் வேலை. எழுதியதை அவர்க்கே தமிழில் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுதல் இரண்டாம் வேலை. ஏட்டிற்கு அனுப்புவது மூன்றாவது. முதல் இரண்டையும் செய்யாமல் மூன்றாவதில் இறங்குவோர் கட்டுரை அச்சேறினாலும், நன்னூலார் வழக்கில் ‘நின்று பயனின்மை’ என்னும் குற்றத்தினின்றும் தப்பாது.